முடி வெட்டினாத்தான் பல்டியா?

இந்த வருஷம் காணும் பொங்கலுக்கு மாமல்லபுரத்தில் இருக்கிற சித்தி வீட்டுக்குப் போயிருந்தோம். செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாகச் சுமார் 30 கிலோமீட்டர்தான். ஆனால் காணும் பொங்கலன்று அந்த பஸ்ஸில் ஏறியவர்களுக்குத் தெரியும், ஏறும்போது காலில் இருந்த செருப்பு இறங்கும்போதும் இருக்கும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் கிடையாது :-)

சாயங்காலம் கூட்டம் கொஞ்சம் குறைந்த பிறகு சித்தியும் நானும் சித்தி பொண்ணைக் கூட்டிக்கொண்டு கடற்கரைக்குப் போனோம். மூன்றாவது படிக்கிறாள். வீட்டில் எல்லோருக்கும் அவள் 'குட்டி'. ஈர மணலைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு வரிசையாக நாலு கார்ட்வீல் போட்டாள். முட்டி மடங்கவில்லை, கால் கோணவில்லை. பார்க்க எனக்கே பொறாமையாக இருந்தது. ஐந்தாவதில் அவளுடைய ஜடை சுற்றி வந்து அவள் வாயிலேயே அடித்தது. தூ தூ என்று மணலைத் துப்பிக்கொண்டே எழுந்தாள்.

அப்போதுதான் சித்தி விஷயத்தைச் சொன்னாள்.

"கிளாஸ்ல மாஸ்டர் சொல்லிட்டாருடி. ஏப்ரல்ல கேம்ப் ஆரம்பிக்கறதுக்குள்ள முடிய பாய்கட் பண்ணிட்டு வரணுமாம். போட்டிக்குப் போனா அதான் ரூலாம். நீதான் ஜிம்னாஸ்டிக்ஸ் போனவளாச்சே, நெஜமாவே அப்படி ஒரு ரூல் இருக்கா?"

மூன்று வருஷம் ஜிம்னாஸ்டிக்ஸ் கற்றுக்கொண்டவள் நான். எனக்குப் பதில் தெரியவில்லை. ஏனென்றால் எனக்கும் இதையேதான் சொன்னார்கள். அப்படி ஒரு ரூல் இருக்கா என்று யாரும் கேட்கவில்லை. வெட்டிக்கொண்டு போனேன், அவ்வளவுதான்.

சித்தியின் கேள்விக்குப் பதில் தேடப் போய்த்தான் இந்தக் கட்டுரை. முதலில் கொஞ்சம் கொசுவர்த்தி சுற்றிக்கொள்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

* * *

நாலாவது படிக்கும்போது என் முடி இடுப்பைத் தாண்டும். அதில் என் பங்கு ஒன்றும் இல்லை. எல்லாம் ஆயாவின் உழைப்பு. (எங்கள் பக்கம் பாட்டியை ஆயா என்றுதான் கூப்பிடுவோம்.) ஞாயிற்றுக்கிழமை என்றால் எண்ணெய், சீயக்காய், சாம்பிராணி. திங்கட்கிழமை காலையில் ரெட்டை ஜடை, மடித்துக் கட்டி ரிப்பன்.

ஊரில் ஒரு இடத்தில் ஜிம்னாஸ்டிக்ஸ் சொல்லித் தருகிறார்கள் என்று கேள்விப்பட்டு அந்த வருஷம்தான் அப்பா என்னைச் சேர்த்துவிட்டார். முதல் நாள் மாஸ்டர் என்னை நிற்க வைத்துப் பின்பக்கமாக வளையச் சொன்னார். வளைந்தேன். கை தரையைத் தொட்டுவிட்டது. மாஸ்டர் முகத்தில் சந்தோஷம். எழுந்திருக்கப் பார்த்தால் தலை வரவில்லை. என் ஜடைமேல் நானே கையை ஊன்றியிருக்கிறேன்! தொம் என்று விழுந்தேன்.

"முடியா ஜிம்னாஸ்டிக்ஸான்னு முடிவு பண்ணிட்டு வாங்க சார்" என்று அப்பாவிடம் சொன்னார் மாஸ்டர். "காம்பெடிஷன்ல ரூலே அதான்."

அப்பா முடிவு பண்ணினார். அவர் வழக்கமாக முடி வெட்டிக்கொள்ளும் சலூனுக்கே என்னையும் கூட்டிப்போனார். நாற்காலிக் கைகளின் குறுக்கே ஒரு பலகையைப் போட்டு அதன்மேல் உட்கார வைத்தார்கள். கடைக்காரர் இரண்டு தடவை கேட்டார், "நெஜமாவா சார்? பாப்பாவுக்கா?" என்று. மாஸ்டர் அப்பாவிடம் சொன்னார். அப்பா கடைக்காரரிடம் சொன்னார். கடைக்காரர் அப்பாவிடம் கேட்டார். தலை மட்டும்தான் என்னுடையது.

வெட்டிய ஜடையை அப்பா நியூஸ்பேப்பரில் சுற்றி எடுத்துக்கொண்டு வந்தார். ஆயா அதைக் கையில் வாங்கிக்கொண்டாள், ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு நாள் அப்பாவோடு பேசவும் இல்லை. மூன்றாம் நாள் அந்த முடியை அலசி, நிழலில் உலர்த்தி, பழைய வேட்டித் துணியில் சுற்றித் தன் டிரங்குப் பெட்டியில் வைத்தாள்.

பள்ளிக்கூடத்தில் வேறு கதை. "திருப்பதியா, திருத்தணியா?" என்று கேட்டவர்கள் பாதி. "பேனா?" என்று கேட்டவர்கள் மீதி. அங்கே பெண் பிள்ளைகளுக்கு ரெட்டை ஜடைதான் சட்டம். ஜடை போட முடி இல்லாதவள் என்ன செய்யவேண்டும் என்று அந்தச் சட்டத்தில் ஒன்றும் இல்லை. ஒரு இடத்தில் நீளமாக இருந்தது தப்பு, இன்னொரு இடத்தில் குட்டையாக இருந்தது தப்பு. இரண்டு இடத்துக்கும் ஒரே தலையைத்தான் எடுத்துக்கொண்டு போகவேண்டியிருந்தது.

ஆனாலும் சொல்கிறேன், அந்த கிளாஸ் எனக்கு உயிர். கையை ஊன்றித் தலைகீழாக நிற்கும்போது, இப்படியும் சாயாமல் அப்படியும் சாயாமல் உடம்பு ஒரு கோடு மாதிரி ஆகிற இரண்டு விநாடி வரும். அந்த இரண்டு விநாடிக்காக நாள் முழுக்கப் பள்ளிக்கூடத்தில் காத்துக்கொண்டிருப்பேன். மாஸ்டர்மேல் எனக்கு இன்றைக்கும் கோபம் கிடையாது. எப்படி அடிபடாமல் விழுவது என்பதை எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் அவர்தான்.

ஏழாவது படிக்கும்போது வயதுக்கு வந்தேன். மஞ்சள் நீராட்டு வைத்தார்கள். பூ ஜடை தைக்கவேண்டும், ராக்கொடி வைக்கவேண்டும், குஞ்சலம் கட்டவேண்டும். என் முடியோ கழுத்தோடு சரி. அப்போது ஆயா உள்ளே போய் டிரங்குப் பெட்டியைத் திறந்தாள். வேட்டித் துணிக்குள்ளிருந்து சவுரி வந்தது. மூன்று வருஷத்துக்கு முன்னால் என் தலையிலிருந்து போனது, என் தலைக்கே திரும்பி வந்தது. இன்றைக்கும் அந்த ஆல்பத்தைப் பார்க்கிறவர்கள் "எவ்ளோ முடி உனக்கு!" என்பார்கள். பொய்யும் இல்லை, உண்மையும் இல்லை.

சடங்கு முடிந்த பிறகு கிளாஸ் பற்றி வீட்டில் யாரும் பேசவில்லை. மாஸ்டர் போன் பண்ணினார். "பார்க்கலாம் சார்" என்றார் அப்பா. "அந்த டிரஸ்ஸப் போட்டுக்கிட்டு இனிமே எப்படி?" என்று அம்மா அத்தையிடம் சொன்னது என் காதில் விழுந்தது.

ஜிம்னாஸ்டிக்ஸுக்காக முடியை வெட்டினார்கள். அப்புறம் ஜிம்னாஸ்டிக்ஸையே வெட்டிவிட்டார்கள். முடி திரும்ப வளர்ந்துவிட்டது. பல்டி திரும்ப வரவில்லை.

* * *

சரி, மேட்டருக்கு வருவோம். ரூல் என்னதான் சொல்கிறது?

ஜிம்னாஸ்டிக்ஸுக்கு உலக அளவில் சட்டம் போடுவது சர்வதேச ஜிம்னாஸ்டிக்ஸ் கூட்டமைப்பு. அவர்களுடைய விதிப் புத்தகத்துக்கு 'கோட் ஆஃப் பாயின்ட்ஸ்' என்று பெயர். எதற்கு எத்தனை புள்ளி, எதற்கு எவ்வளவு கழிவு என்று பக்கம் பக்கமாக இருக்கும். உடுப்பைப் பற்றியும் நிறைய இருக்கிறது. துணி உள்ளே தெரிகிற மாதிரி இருக்கக்கூடாது, கழுத்து எவ்வளவு இறங்கலாம், கால் பக்கம் எவ்வளவு ஏறலாம் என்றெல்லாம். ஆனால் முடி இத்தனை அங்குலம்தான் இருக்கவேண்டும் என்று ஒரு வரி கிடையாது. வளையம், பந்து, ரிப்பன் எல்லாம் வைத்துச் செய்கிற ரிதமிக் ஜிம்னாஸ்டிக்ஸ் விதிகளில் தலைமுடி ஒழுங்காக, கச்சிதமாக இருக்கவேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். அமெரிக்காவில் சின்னப் பிள்ளைகளுக்கான போட்டி விதியில், முடி பார்வையை மறைக்காத மாதிரி முகத்திலிருந்து ஒதுக்கிக் கட்டியிருக்கவேண்டும் என்று இருக்கிறது. அவ்வளவுதான். ஒதுக்கிக் கட்டு, கச்சிதமாக வை. எதிலும் 'வெட்டு' என்ற வார்த்தையே இல்லை.

அப்படியானால் மாஸ்டர்கள் சொல்வதெல்லாம் சும்மாவா? அதுவும் இல்லை. பார்வையை மறைக்கக்கூடாது என்பதில் பெரிய நியாயம் இருக்கிறது.

பெண்கள் ஆர்ட்டிஸ்டிக் ஜிம்னாஸ்டிக்ஸில் நாலு சாதனங்கள்: வால்ட், அன்ஈவன் பார்ஸ், பீம், ஃப்ளோர். பீம் 5 மீட்டர் நீளம், 10 சென்டிமீட்டர் அகலம், தரையிலிருந்து 1.25 மீட்டர் உயரம். 10 சென்டிமீட்டர் என்றால் உங்கள் உள்ளங்கையைக் குறுக்கே வைத்தால் சரியாக இருக்கும். அதன்மேல் பின்பக்கமாகத் துள்ளிக் கையை ஊன்றவேண்டும். கை விழுகிற இடத்தில் ஜடையும் விழுந்தால் என்ன ஆகும் என்று முதல் நாளே நான் பார்த்தவள். தரையில் இருந்ததால் 'தொம்'மோடு போயிற்று.

நீளமான ஜடை மட்டும் இல்லை. குதிரைவால் சுழன்று வந்து கண்ணில் அடிக்கும். உச்சியில் கொண்டை போட்டால் தலையை ஊன்ற முடியாது. பிடரியில் கொண்டை போட்டால் குட்டிக்கரணம் போடும்போது உருண்டு வராமல் முட்டிக்கொண்டு நிற்கும். இரும்புக் கிளிப், ஊக்கு எல்லாம் உருளும்போது தலையில் குத்தும். பிள்ளையைத் தாங்கிப் பிடிக்கிற மாஸ்டரின் விரலில் அவிழ்ந்த முடி சிக்கினால் இரண்டு பேருக்கும் ஆபத்து. நம் ஊருக்கே உரிய இன்னொன்றும் உண்டு: தேங்காய் எண்ணெய். தலையில் வழிகிற எண்ணெய் வியர்வையோடு சேர்ந்து கைக்கு வந்தால் கம்பி வழுக்கும். கை வழுக்கக்கூடாது என்றுதான் வெள்ளைப் பொடியைத் தேய்த்துக்கொள்கிறோம். அந்தக் கையாலேயே நெற்றியில் விழுகிற முடியையும் ஒதுக்கினால் பொடி தேய்த்து என்ன பிரயோஜனம்?

போட்டியில் எவ்வளவு நுணுக்கமாகக் கணக்குப் பார்ப்பார்கள் என்பதற்கு ஒரு உதாரணம் போதும். 2016 ரியோ ஒலிம்பிக்கில் திரிபுராவின் தீபா கர்மாகர் வால்ட் இறுதியில் எடுத்தது 15.066. வெண்கலம் வாங்கிய சுவிட்சர்லாந்து வீராங்கனை 15.216. வித்தியாசம் 0.150. நாலாவது இடம். தரையைத் தொடும் நேரத்தில் கண்ணுக்கு முன்னால் ஒரு கற்றை முடி வந்து நின்றால் இதைவிட அதிகமாகவே போய்விடும். மாஸ்டர்களின் பயம் எனக்குப் புரிகிறது.

ஆனால் இத்தனை பிரச்சினைக்கும் பதில் இறுக்கமாகப் பின்னிக் கட்டுவது. வெட்டுவதும் ஒரு வழிதான், ஆனால் ஒரே வழி இல்லை.

உலகம் கொண்டாடிய ஜிம்னாஸ்டுகளின் தலையைப் பாருங்களேன். 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் சோவியத் யூனியனின் ஓல்கா கோர்பட் ரெட்டைக் குடுமி மாதிரி கட்டிக்கொண்டு வந்து மூன்று தங்கம் வாங்கினார். 1976 மான்ட்ரியலில் ருமேனியாவின் நாடியா கொமனேச்சிக்கு வயது 14. பின்னால் குதிரைவால், அதில் ரிப்பன். முதல்முறை முழு 10 எடுத்தபோது அதைக் காட்டுகிற வசதி பலகையில் இல்லாததால் 1.00 என்று காட்டியது. நம் ஊர் ஸ்கூல் பிள்ளை மாதிரி ரிப்பன் கட்டிய தலைதான் அந்த ஒலிம்பிக்கில் ஏழு முறை 10 எடுத்தது.

கட்டினாலும் விடுவதில்லை என்பது வேறு விஷயம். 2012 லண்டனில் கேபி டக்ளஸ், 16 வயது, தனிநபர் ஆல்ரவுண்ட் தங்கம் வாங்கிய முதல் கறுப்பினப் பெண். அன்றைக்கு இன்டர்நெட்டில் ஒரு கூட்டம் அவருடைய முடி சரியாகப் படியவில்லை, கிளிப் தெரிகிறது என்று குறை சொல்லிக்கொண்டிருந்தது. சிமோன் பைல்ஸுக்கும் அதே கதை. 2024 பாரிஸில், தலையை ஒழுங்காகத்தான் வாரினேன், வந்த பஸ்ஸில் ஏசி இல்லை என்று அவரே விளக்கம் சொல்லவேண்டியதாகிவிட்டது. உலகத்திலேயே பெரிய ஜிம்னாஸ்ட், பஸ் ஏசிக்கு விளக்கம் கொடுக்கிறார்!

குட்டையாக வெட்டிக்கொண்டால் தப்பிக்கலாமா? தென்கொரியாவின் அன் சான், வில்வித்தை வீராங்கனை, டோக்கியோ ஒலிம்பிக்கில் (2021ல் நடந்தது) மூன்று தங்கம் வாங்கினார். முடியைக் குட்டையாக வைத்திருக்கிறார் என்பதற்காகவே அவர் ஊர் ஆண்கள் சிலர் இணையத்தில் அவரைத் திட்டித் தீர்த்தார்கள். நீளம், குட்டை, படிந்தது, படியாதது எல்லாவற்றுக்கும் திட்டு உண்டு. பொதுவாக இருப்பது ஒன்றுதான், அந்தத் தலைகள் எல்லாம் பெண்களுடையவை.

நம் நாட்டில் இந்த விஷயம் பேச்சுக்கு வந்தது என்றால் 'தங்கல்' படத்தினால்தான் (2016). மல்யுத்தம் பழக்கும் அப்பா, மகள்களின் முடியை வெட்டவைக்கிற காட்சி. தியேட்டரில் எல்லோரும் கைதட்டிப் பார்த்த படம். நான் மட்டும் சலூன் பலகையின்மேல் உட்கார்ந்திருந்தேன். அதே குடும்பத்தின் வினேஷ் போகாட் 2024 பாரிஸில் 50 கிலோ இறுதிப் போட்டிக்கு முந்தின ராத்திரி எடையைக் குறைக்க என்னென்னவோ செய்தார். முடியையும் வெட்டினார்கள். அப்படியும் 100 கிராம் கூடியிருந்தது, தகுதி நீக்கம் ஆனார். அந்தச் செய்தியைப் படித்தபோது அழுதேன். ஆனால் யோசித்துப் பார்த்தால் நாலாவது படித்த என் முடிக்கும் அவர் முடிக்கும் ஒரு வித்தியாசம் இருக்கிறது. எதற்காக வெட்டுகிறோம் என்று அவருக்குத் தெரியும். ஒலிம்பிக் இறுதிப் போட்டிக்காக. பெரியவர், தெரிந்து கொடுத்தார்.

* * *

நான் பி.காம் மூன்றாம் வருஷம். கணக்குப் பதிவியல் படிக்கிறவர்களுக்கு 'ஸ்டாண்டர்டு', 'பாலிசி' என்று இரண்டு வார்த்தை நன்றாகத் தெரியும். சரக்கு இருப்பை அடக்க விலை, விற்றால் கிடைக்கும் நிகர விலை இரண்டில் எது குறைவோ அதில் காட்டவேண்டும். அது ஸ்டாண்டர்டு, எல்லோருக்கும் பொது. அந்த அடக்க விலையை ஃபிஃபோ முறையில் போடுவதா, வெயிட்டட் ஆவரேஜ் முறையில் போடுவதா? அது கம்பெனி தேர்ந்தெடுக்கிற பாலிசி. ஏஎஸ்-1 என்று முதல் ஸ்டாண்டர்டே என்ன சொல்கிறது தெரியுமா? நீ என்ன பாலிசி வைத்திருக்கிறாயோ அதை வெளியே சொல் என்பதுதான்.

முகத்தில் முடி விழக்கூடாது என்பது ஸ்டாண்டர்டு. பாய்கட் என்பது மாஸ்டரின் பாலிசி. அந்த பாலிசிக்குக் காரணம் இருக்கலாம். ஒரு மணி நேர கிளாஸில் 20 பிள்ளைகள், ஒவ்வொருத்திக்கும் அவிழ்ந்த ரிப்பனைக் கட்டிவிட்டுக்கொண்டிருந்தால் எப்போது சொல்லித் தருவது? நியாயம்தான். ஆனால் அதை 'என் வசதிக்காகக் கேட்கிறேன்' என்று சொல்லவேண்டும். 'இதுதான் ரூல்' என்று சொன்னால், பாலிசியை ஸ்டாண்டர்டு என்று காட்டிய பேலன்ஸ் ஷீட் மாதிரி. ஆடிட்டர் கையெழுத்துப் போடக்கூடாது :-)

இதைப் படித்துக்கொண்டு போகும்போது இன்னொன்றும் கண்ணில் பட்டது, அதுதான் என்னை ரொம்ப நேரம் உட்கார வைத்துவிட்டது. "அந்த டிரஸ்ஸப் போட்டுக்கிட்டு இனிமே எப்படி?" என்றார்களே... கால் முழுக்க மூடுகிற உடுப்புக்கும் சர்வதேச விதியில் அனுமதி இருக்கிறது. டோக்கியோ ஒலிம்பிக்கில் ஜெர்மனி பெண்கள் அணி கணுக்கால்வரை மூடிய உடுப்பில்தான் வந்து நின்றது. எது வசதியோ அதைப் போட்டுக்கொள்ளலாம் என்று காட்டுவதற்காகவே அப்படி வந்தார்கள். ஆக, என் முடியை வெட்டச் சொன்ன ரூலும் இல்லை. என்னை நிறுத்தச் சொன்ன ரூலும் இல்லை. இரண்டையும் யாரும் திறந்து பார்க்கவில்லை. ஒன்று மாஸ்டர் சொன்னார், இன்னொன்று 'நாலு பேர்' சொல்வார்கள் என்று நாங்களே நினைத்துக்கொண்டோம்.

முடியை வெட்டாமல் சமாளிப்பது எப்படி என்று நமக்கு யாரும் வெளியூரிலிருந்து வந்து சொல்லித்தர வேண்டியதில்லை. வருஷா வருஷம் மார்கழியில் மாமல்லபுரத்தில் நாட்டிய விழா நடக்கும். பரதநாட்டியம் ஆடுகிறவர்களின் ஜடையைக் கவனித்திருக்கிறீர்களா? இடுப்புக்குக் கீழே தொங்கும். எத்தனை சுற்று சுற்றினாலும் முகத்தில் வந்து அடிக்காது. ஜடையை ஒட்டியாணத்தோடு சேர்த்துப் பிடித்துவைத்திருப்பார்கள். விழுப்புரம் பக்கம் பிள்ளைகள் கயிற்றில் மல்லர் கம்பம் செய்கிறார்கள். காலிலும் இடுப்பிலும் கயிற்றைச் சுற்றிக்கொண்டு தலைகீழாகத் தொங்குகிற விளையாட்டு. கயிற்றில் முடி மாட்டினால் அவ்வளவுதான். அங்கேயும் இறுக்கிக் கட்டிக்கொண்டு செய்கிற பெண் பிள்ளைகள் இருக்கிறார்கள். அவ்வளவு ஏன், அர்ச்சுனன் தபசுப் பாறையில் ஒற்றைக்காலில் நிற்கிற தவசியைப் பாருங்கள். ஏழாம் நூற்றாண்டிலிருந்து நிற்கிறார். பீமில் நிற்கிறவர்களெல்லாம் அவரிடம் பிச்சை வாங்கவேண்டும். அவரும் சடையை மேலே தூக்கிக் கட்டிக்கொண்டுதான் நிற்கிறார் ;-)

* * *

பதில் கிடைத்ததும் சித்திக்குப் போன் பண்ணிச் சொன்னேன். "வெட்டணும்னு ரூல் இல்ல சித்தி, கட்டணும்னுதான் ரூல்."

"அப்போ எப்படிக் கட்டறது?"

அதற்கு ஆள் சித்தி வீட்டிலேயே இருந்தது. ஆயா இப்போது அங்கேதான் இருக்கிறாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை நானும் போனேன். வாசல் திண்ணையில் குட்டியை உட்கார வைத்து ஆயா பின்ன ஆரம்பித்தாள். எண்ணெய் வைக்கவில்லை, தண்ணீர் மட்டும் தொட்டுக்கொண்டாள். நெற்றியிலிருந்தே பிடித்துத் தலையோடு ஒட்டி இரண்டு பின்னல். இரண்டையும் பின்னால் குறுக்காகப் போட்டு, கொண்டை போடாமல் தட்டையாகச் சுற்றி, கிளிப் இல்லாமல் நாடாவால் இறுக்கிக் கட்டினாள். கை நடுங்குகிறது இப்போதெல்லாம், ஆனால் பின்னல் நடுங்கவில்லை.

கடற்கரைக்கு ஓடினோம். குட்டி முன்னால் பத்து கரணம், பின்னால் பத்து, கார்ட்வீல் கணக்கே இல்லை. ஒரு மயிரிழைகூட அவிழவில்லை. நான் ஜெயித்துவிட்ட மாதிரி சித்தியைப் பார்த்தேன்.

அப்போதுதான் ஞாபகம் வந்தது. நான் ரூலைத் தேடினேன், சித்தி மாஸ்டரைக் கேட்டாள், ஆயா பின்னினாள். குட்டியை யாரும் கேட்கவில்லை. அப்பாவையும் கடைக்காரரையும் இத்தனை வருஷமாகக் குறை சொன்னவள், நானும் அதையேதான் செய்திருக்கிறேன்.

"குட்டி, உனக்கு முடி வேணுமா, வெட்டிக்கலாமா?" என்று கேட்டேன்.

கொஞ்சம்கூட யோசிக்காமல் பதில் வந்தது. "வெட்டிக்கறேன்க்கா. சிக்கு எடுக்கும்போது வலிக்குது."

ஆயா முகத்தை நீங்கள் பார்த்திருக்கவேண்டும்!

"ஆனா பாய்கட் வேணாம். குதிரைவால் போடற அளவுக்கு இருக்கட்டும்" என்றாள் குட்டி. இதற்குள் எல்லாம் யோசித்து வைத்திருக்கிறாள், கேட்கத்தான் ஆள் இல்லை.

சித்தி போய் மாஸ்டரிடம் பேசினாள். அவர் சிரித்துவிட்டாராம். "பாய்கட்தான்னு இல்லம்மா. முகத்துல விழாம கட்டி அனுப்பினா போதும். யாரும் ஒழுங்கா கட்டி அனுப்பறதில்ல, அதான் ரூலுன்னு சொன்னேன்" என்றாராம். என் மாஸ்டரிடமும் அன்றைக்கு யாராவது ஒரு வார்த்தை கேட்டிருந்தால் இதே பதில்தான் வந்திருக்குமோ என்னவோ.

போன வாரம் குட்டிக்குத் தோள்வரை வெட்டினார்கள். நானும் கூடப் போயிருந்தேன். பார்லர் அக்கா கத்தரியை எடுத்ததும் "எவ்ளோ வெட்டணும்?" என்று சித்தியைக் கேட்டாள். சித்தி ஒன்றும் சொல்லாமல் குட்டியைக் காட்டினாள். குட்டி கண்ணாடியைப் பார்த்துத் தோளில் விரலை வைத்து "இதுவரைக்கும்" என்றாள். வெட்டிய முடியை ஆயாவுக்கு எடுத்துப்போகலாமா என்று கேட்டேன். "ஆயாக்கு வேணும்னா எடுத்துக்கட்டும்" என்று பெருந்தன்மையாக அனுமதி கொடுத்தாள். ஆயா வாங்கி அலசிக் காயப்போட்டாள். அதே டிரங்குப் பெட்டி.

கிளம்பும்போது வாசலில் வைத்துச் சித்தியிடம் சொன்னேன்.

"சித்தி, முடிய வெட்டினது அவ இஷ்டம், அது சரி. இன்னும் மூணு நாலு வருஷத்துல ஆயா அந்தப் பெட்டியத் திறப்பா. பூ ஜடை தைங்க, போட்டோ எடுங்க, எல்லாம் பண்ணுங்க. ஆனா மறுவாரம் அவள கிளாஸுக்கு அனுப்புங்க. கால் மூடற டிரஸ் இருக்கு. நானே வாங்கித் தரேன்."

சித்தி கொஞ்ச நேரம் பேசவில்லை. என் சடங்கில் ஜடை தைத்தவர்களில் அவளும் ஒருத்தி. அப்புறம், "பார்க்கலாம்னு சொல்லமாட்டேன்டி" என்றாள். "அனுப்பறேன்."

செங்கல்பட்டு பஸ்ஸில் ஜன்னலோர சீட்டு கிடைத்தது. கொளவாய் ஏரி வருகிறவரை, எனக்கு இப்போது ஹேண்ட்ஸ்டாண்ட் எத்தனை விநாடி நிற்கும் என்று யோசித்துக்கொண்டே வந்தேன். வீட்டுக்கு வந்ததும் கதவைச் சாத்திக்கொண்டு, முடியை இறுக்கிக் கட்டிக்கொண்டு, சுவரோரம் நின்று பார்த்தேன்.

ஒரு விநாடி. பரவாயில்லை, இன்னும் ஒன்றுதான் பாக்கி.